மெலிந்தவனின் கொழுப்பு

என் மகன் இனியவனின் இடுப்புவாரில் ஆணியால் கூடுதலாக ஒரு துளை போட்டால்தான் கால்சட்டை நிற்கும். அப்படிப்பட்டவனின் கல்லீரலில் கொழுப்பு மண்டிக் கிடக்கிறது என்று திருச்சி மருத்துவர் சொன்னபோது, ஆள் மாறிவிட்டது என்றே நான் எண்ணினேன்.

"வேற யாரோட படத்தையோ பாத்துட்டுச் சொல்றீங்களா?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பெயர் சரியாகவே இருந்தது.

"ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும் சார். இவ்வளவு கொழுப்போட வெட்டி எடுத்தா, மிச்ச ஈரல் இவருக்கும் பத்தாது, எடுத்த துண்டு அக்காவுக்கும் வேலை செய்யாது. கொழுப்பைக் குறைச்சுட்டு வாங்க. அடுத்த மாசம் மறுபடி பாப்போம்."

அக்கா என்று அவர் குறிப்பிட்டது என் மகள் சுடர்விழியை. அவளுடைய ஈரல் சுருங்கிப் போயிருந்தது. கண்கள் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து, பாபநாசத்துக்கு அருகில் எங்கள் வீட்டில் படுத்திருந்தாள். உறவினர் ஒருவர் தம் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் அவள் பிழைப்பாள். கொடுத்தவருக்கும் அது மீண்டும் வளர்ந்துவிடும். எனக்கும் என் மனைவி வேம்புவுக்கும் வயது கடந்துவிட்டது. மருமகன் பரிதியின் இரத்த வகை பொருந்தவில்லை. எஞ்சியவன் இனியவன் ஒருவனே.

பரிதியை நினைத்தால் எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது. அவர் பந்தல் ஒப்பந்தக்காரர். தொந்தி சட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கறிக்குழம்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவர் வாழ்வில் கிடையாது. ஆனால் சென்ற ஆண்டு சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த படத்தில் அவருடைய ஈரல் மாசற்று இருந்ததாம். பீடி சிகரெட்டைத் தொடாத, குடியை அறியாத, கணினி முன் அமர்ந்து கண்ணியமாக வேலை பார்க்கும் என் மகனுக்குக் கொழுப்பு! இதில் என்ன நியாயம் இருக்கிறது?

நியாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொழுப்பைக் குறைத்தாக வேண்டும். கொழுப்பு எதிலிருந்து வரும்? எண்ணெயிலிருந்தும் நெய்யிலிருந்தும் கறியிலிருந்தும் வரும். இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை என்று நாங்கள் அனைவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். வேம்பு தாளிப்புக் கரண்டியையே பரணில் ஏற்றிவிட்டாள். மீனும் முட்டையும் வீட்டுக்குள் வரவில்லை. காலையில் சர்க்கரை போட்ட அரிசிக் கஞ்சி, மதியம் இரசமும் மோரும் ஊற்றிக் குவித்த சோறு, மாலையில் பழச்சாறு, இரவில் இட்லி. இடையில் பசி எடுத்தால் அவல். இனியவன் மாலைதோறும் குடமுருட்டிக் கரையில் நடந்தான்.

கன்னம் ஒட்டியது. சட்டை தோளில் தொங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் "தம்பி நல்லா எளைச்சிருக்கே" என்றார்கள். எங்களுக்கு நம்பிக்கை வந்தது. சுடர்விழிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"டேய், எனக்கு ஈரல்தான் வேணும். நீ எலும்பைக் கொண்டாந்து குடுத்துடுவ போலிருக்கு."

"எலும்பு இலவசம்க்கா. எடுத்துக்க" என்று அவன் சிரித்தான். சிரித்துவிட்டு எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டான்.

மறு மாதப் படத்தில் கொழுப்பு குறையவில்லை. சற்றுக் கூடியிருந்தது.

மருத்துவருக்குக் கோபம் வந்தது. "என்ன சார் சாப்பிட்டாரு? இன்னும் ஒரு தடவைதான். அதுக்கு மேல உங்க பொண்ணு தாங்க மாட்டாங்க" என்று சொல்லி, எங்களை உணவு ஆலோசகர் மெஹராஜ் பேகத்திடம் அனுப்பினார். நடுவயதுப் பெண்மணி. இனியவன் உண்டதையெல்லாம் நான் ஒப்பித்தேன். ஒரு துளி எண்ணெயும் படவில்லை என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னேன்.

"எண்ணெயை விட்டீங்க சரி. சோத்தை யாரு விடுறது?" என்றார் அவர்.

"சோத்துல ஏதும்மா கொழுப்பு?"

"சோத்துல இல்லைங்க ஐயா. உடம்புதான் ஆக்குது. சாப்பிட்ட சோறு சர்க்கரையா மாறி இரத்தத்துக்கு வரும். அதை இழுத்து எரிக்கிற பெரிய அடுப்பு தசைதான். தம்பிக்குத் தசை முன்னாடியே கம்மி, இப்ப இன்னும் கரைஞ்சுடுச்சு. எளைச்சது அதுதான். அடுப்பு சின்னதா இருந்தா மிச்சச் சர்க்கரை எங்க போவும்? ஈரல் அதைக் கொழுப்பா மாத்தி உள்ளயே அடுக்கி வச்சுக்கும்."

எனக்குச் சினம் பொங்கியது. என் தாயும் தந்தையும் பிறர் வயலில் நட்டும் அறுத்தும் வாழ்ந்தவர்கள். அவர்கள் கட்டிய நெற்கட்டுகள் வேறு களத்துக்குப் போக, வீட்டில் நாங்கள் நொய்க்கஞ்சி குடித்தோம். தட்டு நிறைய வெள்ளைச் சோறு என்பது நாங்கள் ஒரு தலைமுறை முழுவதும் போராடிப் பெற்றது. இன்று சொந்த வயலின் அரிசியை உண்ணும்போது, அது என் மகளைக் கொல்லும் என்கிறார்களே!

"அரிசி தின்னவங்கதாம்மா இந்தக் காவிரிப் பாசனம் முழுக்க வேலை செஞ்சது."

"வேலை செஞ்சாங்கல்ல? தம்பி என்ன செய்யறாரு, பொத்தானை அமுக்குறாரு. அரிசி மேல எனக்கென்னங்க கோபம், எங்க வீட்டுல பிரியாணிக்குச் சண்டையே நடக்கும். சோறு ஒரு கரண்டி. முட்டை, மீன், சுண்டல், காய் நிறைய. எண்ணெய் அளவா இருக்கட்டும். நடக்கிறது நல்லதுதான், ஆனா பத்தாது. பாரம் தூக்கணும்."

கொழுப்பைக் குறைக்க மீன் தின்ன வேண்டும். இளைத்தவன் பாரம் சுமக்க வேண்டும். பேருந்தில் திரும்பும்போது இவ்விரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

பாரத்துக்குப் பரிதி பொறுப்பேற்றார். பந்தல் குழாய்களையும் மணல் நிரப்பிய சாக்குகளையும் வாசலில் இறக்கினார்.

"மாப்ள, குந்தி எந்திரிங்க. இது கணினி இல்ல, சும்மா பாத்துக்கிட்டிருந்தா நகராது."

"மச்சான், இடுப்பு உடஞ்சிரும்."

"இடுப்பு உடஞ்சா கட்டிக்கலாம். ஈரலைப் பத்திரமா வச்சிருங்க."

முதல் வாரம் இனியவன் படியேற முடியாமல் தவழ்ந்தான். பின்னர்ச் சாக்கு மெல்ல மெல்ல அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

எல்லாரையும்விடத் துன்பப்பட்டவள் வேம்பு. பாரம் தூக்கிவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு கரண்டிச் சோறு போட அவள் கை மறுத்தது. ஒரு நாள் மதியம் மீன் குழம்பின் வாசனை வீடெங்கும் நிறைந்திருந்தது. புது அரிசி மல்லிகைப் பூப்போல் மலர்ந்திருந்தது. ஒரு கரண்டி போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மையில் அவள் போட வேண்டும் என்றே விரும்பினேன். அவள் இரண்டாம் கரண்டியை அள்ளினாள். இனியவனும் தடுக்கவில்லை, அவன் கண் சோற்றின் மேலேயே இருந்தது.

கூடத்துக் கட்டிலிலிருந்து சுடர்விழி எழுந்து, சுவரோரமாக அடி வைத்து வந்து, தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கரண்டியை வைம்மா. அவன் தட்டுல போடுறது என் வயித்துக்குள்ளதான் வரப்போவுது."

வேம்பு அழுதாள். சோறு பானைக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளைதோறும் தானே பரிமாறுவேன் என்று சுடர்விழி அடம் பிடித்தாள். நிற்க முடியாததால் நாற்காலியில் அமர்ந்து பரிமாறினாள். மீனைக் கூடுதலாக வைத்தாள்.

மூன்றாம் முறை திருச்சிக்குப் போனோம். முதலில் எடை பார்த்தார்கள். செவிலியர் எண்ணைச் சொன்னார். சென்ற முறையைவிட எடை கூடியிருந்தது. இளைத்தபோதே குறையாத கொழுப்பு, பெருத்த பிறகு எப்படிக் குறையும்? மீனையும் முட்டையையும் தின்னச் சொன்னவர்களை என்ன கேட்பது என்று மனத்துக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டே ஸ்கேன் அறைக்கு வெளியே அமர்ந்திருந்தேன்.

மருத்துவர் எங்களை உள்ளே அழைத்தார்.

"போதும் சார். எடுத்துக்கலாம்."

"எதை?"

"ஈரலை. கொழுப்பு நல்லா இறங்கிடுச்சு."

"எடை ஏறியிருக்கே?"

"ஏறினது தசை. பொண்ணை நாளைக்கே கூட்டிட்டு வந்து சேர்த்துடுங்க."

வெளியே வந்து வேம்புவைக் கைப்பேசியில் அழைத்தேன். பக்கத்தில் இனியவன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, கொறஞ்சுதா?"

"கொறஞ்சுது."

"எடை?"

"கூடியிருக்கு."

"அது எப்படிங்க?"

"எனக்கு வெளங்கலை. நீ சுடரோட துணிமணியை எடுத்து வை. விடியக்காலையில வண்டி வரும்."