ஒரு சொட்டும் தெரியாமல்

சங்கச் செயலாளர் நிபந்தனையை இரண்டு முறை சொன்னார்.

"மூணு சுற்று. ஒரு சொட்டு ரத்தம் கண்ணுல பட்டாலும் அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். அதோட பொம்பளைங்க போட்டிக்கு ஒரு முழுக்கு. அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

சங்கம் பெண்களுக்காக நடத்தும் முதல் குத்துச்சண்டை அது. ஆணி இதற்காக ஆறு ஆண்டுகள் கடிதம் எழுதியிருந்தாள். பகலில் அச்சகத்தில் காகிதம் வெட்டுவாள். மாலையில் பயிற்சிக்கூடத்தில் ஆண்களோடு மோதுவாள். ஒல்லியாக இருந்தும் அசைக்க முடியவில்லை என்று அவர்கள் வைத்த பெயர் ஆணி. வயது இருபத்தொன்பது. எதிராளி பால் வேன் ஓட்டுபவள். தோள்கள் கதவு அகலம். ஆணியின் மூலையில் தண்ணீரோடு நின்றவள் அவளுடைய அண்ணி, பல் மருத்துவரிடம் உதவியாளர்.

"அவ கையைப் பாத்தியா? இங்க நிக்கிற எனக்கே பல்லு ஆடுது."

"சும்மா இருங்க அண்ணி."

முதல் சுற்று முடியப் பத்து நொடி இருந்தபோது வேன்காரியின் இடது கை மூக்கில் நேராக இறங்கியது. வலி பெரிதாக இல்லை. ஆனால் உள்ளே சூடாக ஏதோ இறங்கியது. ஆணி உறிஞ்சி விழுங்கினாள்.

மணி அடித்ததும் அண்ணி நடுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மூக்கு ரத்தம் நிற்கப் பஞ்சுச் சுருளை ஆணியின் மேலுதட்டுக்கு அடியில் வைத்து விரலால் அழுத்தினாள்.

"என்னம்மா அங்க?" என்றார் நடுவர்.

"பல்லுறை சரியா உக்காரலைங்க. நமக்குப் பொழப்பே இதுதான்." பிறகு காதருகே குனிந்தாள். "நிக்கல. முழுங்கிட்டே இரு."

இரண்டாம் சுற்றில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றபோது வேன்காரி பார்த்துவிட்டாள்.

"ஒழுகுது."

"தெரியும்."

"செயலாளர் இந்தப் பக்கந்தான் பாக்குறார். உள்ள இழு."

நடுவர் பிரித்துவிட்டார். மூக்கில் இன்னும் ஓர் அடி விழுந்தால் வெற்றி வேன்காரிக்கு. ஆனால் அதுவே அவளுக்கும் கடைசிப் போட்டியாகிவிடும். அவள் முகத்தை விட்டுவிட்டு வயிற்றில் குத்தத் தொடங்கினாள். நல்ல எண்ணம்தான். விழுங்கிய ரத்தம் அத்தனையும் அங்கேதான் இருந்தது.

மூன்றாம் சுற்றில் ஒவ்வொரு குத்துக்கும் அது தொண்டைவரை வந்து திரும்பியது. ஆணி வாயை இறுக்கிக்கொண்டாள். வாயை மூடினால் மூச்சில்லை, திறந்தால் போட்டியில்லை. முழங்கைகளை வயிற்றோடு ஒட்டிவைத்து, கயிற்றோரமாகவே நகர்ந்தாள். கூட்டத்தில் ஒருவர், "ஓடுறதுக்கா வந்தே?" என்றார். கடைசி முப்பது நொடியில் அவள் ஒரு குத்துகூட விடவில்லை.

மணி அடித்தது. புள்ளியிடும் நடுவர்கள் மூவரும் வேன்காரிக்கே வெற்றி கொடுத்திருந்தார்கள். செயலாளர் பதிவேட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்து, ஆணியின் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்தார்.

"அடுத்த மாசமும் வைக்கலாம்னு பாக்குறேன். வருவீங்களா?"

ஆணி தலையை மட்டும் அசைத்தாள்.

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"தோத்த வருத்தம் சார்," என்று அண்ணி அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

கழிவறையில் எல்லாம் வெளியே வந்து முடிய வெகுநேரம் ஆனது. நிமிர்ந்தபோது, யாரும் உள்ளே வந்துவிடாதபடி வேன்காரி கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அடுத்த தடவை மூக்குலதான் அடிப்பேன்," என்றாள்.

"அடி. வயித்தை மட்டும் விட்டுடு."