மிசாவோ அம்மாவின் ஒன்பது பெட்டிகள்

தட்சுஹிகோ விற்ற மாத்திரை இதயத்துக்கு நல்லது என்று கம்பெனியின் கையேடு பதினான்கு பக்கங்களில் சொல்லியது. விற்பவனின் இதயத்தைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

மாத்திரையின் பெயர் கோ-என்சைம் க்யூ டென். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிற சரக்கு. உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும். வயது ஏற ஏற வேலையில் கொஞ்சம் சுணங்கும். இந்த மூன்று வாக்கியங்களை ஒன்பது மாதமாகச் சிபா கடற்கரையின் மீன்பிடித் துறைமுகங்களில் சொல்லிச் சொல்லி, மொத்தம் பதினோரு வாடிக்கையாளர்களைச் சேர்த்திருந்தான். பதினோரு பேரும் அவன் ஊர்க்காரர்கள்.

இன்று ஊர் மன்றத்தில் கூட்டம். டோக்கியோவிலிருந்து பிரிவுத் தலைவர் உசாமி வருகிறார். பத்துப் புதிய சந்தாப் படிவங்களாவது நிரம்பாவிட்டால் தட்சுஹிகோவின் வேலை இந்த மாதத்தோடு சரி. அவன் கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டு மிசாவோ அம்மா. வயது எழுபத்தாறு. மீன் டப்பா ஆலையில் முப்பத்தோரு வருடம் மத்தி அறுத்தவர். தினமும் காலையில் கோயிலின் நூற்று முப்பத்திரண்டு படிகளையும் மூச்சு வாங்காமல் ஏறுவார். அவனுடைய முதல் வாடிக்கையாளரும் அவர்தான். ‘க்யூ டென் தந்த கால்கள்’ என்ற தலைப்போடு கம்பெனிப் பத்திரிகையில் அவர் படம் வந்திருந்தது. தலைப்பு தட்சுஹிகோ வைத்தது.

கூட்டத்துக்கு அழைத்துப்போக அவர் வீட்டுக்குப் போனான்.

“மன்றத்துல தரை சில்லுனு இருக்கும். அலமாரியில திண்டு இருக்கு, ரெண்டு எடுத்துக்கடா தட்சு,” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அலமாரிக் கதவைத் தள்ளினான். திண்டுகளுக்குக் கீழே ஒன்பது மாத்திரைப் பெட்டிகள், மாதவாரியாக, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்றில்கூட ஒட்டுநாடா கிழிபடவில்லை. இதயம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கிறது என்று மேடைதோறும் சொல்கிறவனுக்கு அதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. திண்டை எடுக்காமலே கதவைச் சாத்தினான்.

மிசாவோ அம்மா இஞ்சி போட்டுச் சுண்டவைத்த மத்தியைக் கொண்டுவந்து வைத்தார். “ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போலாம்.”

சும்மா இருந்திருக்கலாம். “மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டாத்தான் உடம்புல நல்லா சேரும்மா,” என்றான்.

“காலையிலயே முழுங்கிட்டேன்பா,” என்றார் அவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். “முள்ளு பாத்து.”

தட்சுஹிகோவுக்குக் காது மடல் வரை சுட்டது. பார்த்ததைச் சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் இவன் மானம் மட்டும்தான். மீனைத் தின்றான். இரண்டு வருடம் வேலையில்லாமல் கிடந்த அவன் முதல்முறையாகப் படிவத்தோடு வாசலில் நின்றபோது, இந்த அம்மா எதையும் படிக்காமல் ஒப்புக்கொண்டார். அதைத் தன் பேச்சுத் திறமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்.

மன்றத்தில் இருபத்து மூன்று பெண்கள். எல்லோரும் ஆலையில் மத்தி அறுத்தவர்கள். பின்வரிசையில் உசாமி குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“மத்தி, அயிலை, மாட்டு இதயம், நிலக்கடலை, இதுல எல்லாம் க்யூ டென் இருக்கு,” என்று தட்சுஹிகோ தொடங்கினான். “ஆனா நூறு மில்லிகிராம் வேணும்னா இருபது மத்தி சாப்பிடணும். ஒரு நாளைக்கு இருபது மத்தி யாரால முடியும், சொல்லுங்க?”

நான்கு கைகள் உயர்ந்தன.

“பெருசா, சிறுசா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“சிறுசுன்னா எம் புருஷன் குடிக்கும்போதே முடிச்சுருவான்.”

சிரிப்பு அடங்கியதும் மிசாவோ அம்மா எழுந்தார். “இதை முழுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து என் காலு என் பேச்சையே கேக்குறதில்ல. அதும்பாட்டுக்குப் படியேறுது.” கைதட்டல். உசாமி தலையசைத்து எதையோ எழுதினார். அந்த அம்மா ஒவ்வொரு பொய்யாகச் சொல்லச் சொல்ல, தட்சுஹிகோ மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

படிவங்கள் கைமாறின. முன்வரிசையில் இருந்த கினுயோ அம்மா கேட்டார்: “தம்பி, எனக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்திருக்காங்க. புளிக்க வெச்ச சோயா, அந்த நாட்டோவைத் தொடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். இதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. மிசாவோ அக்காவே சாப்பிடுறாங்கல்ல, நானும் போடலாம்தானே?”

அந்த மாத்திரையின் வேலையை க்யூ டென் குறைத்துவிடக்கூடும், டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது என்று கையேட்டின் பதினான்காம் பக்கத்தில், எறும்பு படிக்கும் அளவு எழுத்தில் இருந்தது. தட்சுஹிகோ உசாமியைப் பார்த்தான். உசாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

“வேண்டாம்மா,” என்றான். “உங்க மாத்திரைக்கு இது ஒத்துவராம போகலாம். அப்புறம்...” மிசாவோ அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னான்: “மிசாவோ அம்மா இதுல ஒண்ணுகூடச் சாப்பிட்டதில்ல. ஒன்பது பெட்டியும் பிரிக்காம அப்படியே இருக்கு. நான் பாத்தேன்.”

மிசாவோ அம்மா தலை குனிந்தார். அறுபது வயது குறைந்த சிறுமியைப்போலக் கழுத்து வரை சிவந்தார். உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அவன் இந்த ஊர்க்காரனாக இருக்க முடியாது.

பிறகு பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்: “என்னுது சிங்க்குக்கு அடியில இருக்கு.”

“நீயுமா பிரிக்கல? என்னுது பரண்ல.”

“ஐயோ, பையன் பாவமேன்னு நான் ஒருத்திதான் வாங்குறேன்னு நெனச்சேன்!”

“நான் தட்சுவோட அம்மா முகத்துக்காகத்தான்...”

எண்ணிக்கை பதினொன்றில் நின்றது. அவன் ஒன்பது மாதத்தில் விற்ற மாத்திரைகளில் ஒன்றுகூட ஒரு வயிற்றுக்குள்ளும் போகவில்லை. ஊரே அவன் மானத்தைப் பெட்டிபெட்டியாக வாங்கி ஒளித்துவைத்திருந்தது. அதை அவனே நடு மன்றத்தில் பிரித்துக் கொட்டியிருந்தான். உசாமி குறிப்பேட்டை மூடினார், எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை குனிந்தார், காலணி மாட்டப் போனார்.

தட்சுஹிகோ படிவங்களைச் சேகரிக்கத் தொடங்கினான். கினுயோ அம்மா மட்டும் தன்னுடையதைக் கொடுக்கவில்லை.

“அப்ப நம்ம ஜனங்கள்ல பாதிப்பேர் வீட்டுல இருக்கு,” என்றார் கவலையோடு. “எங்க வீட்டுல இல்லேன்னா நல்லாவா இருக்கும்?” கையெழுத்துக்குப் பதிலாக வைக்கிற பெயர் முத்திரையைக் கைப்பையிலிருந்து எடுத்துச் சிவப்பு மையில் ஒற்றினார்.

“அம்மா, வேண்டாம். உங்களுக்கு ஆகாது.”

“நான் எங்கப்பா முழுங்கப் போறேன்? சும்மா வச்சிருக்கத்தானே.”

முத்திரை இறங்குவதற்குள் அவன் படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தான். அது அவன் புறங்கையில் விழுந்தது. வட்டமாக, சிவப்பாக, கினுயோ அம்மாவின் குடும்பப் பெயர்.

“அடடா, மன்னிச்சுக்க தம்பி,” என்று அவர் பதறிக் குனிந்தார்.

“நீங்கதான் மன்னிக்கணும்,” என்று அவன் அதைவிடத் தாழக் குனிந்தான். அவர் இன்னும் தாழ்ந்தார். யார் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.