மேரிராணி விட்ட மூச்சு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மூன்று மாதமாக நானும் மூக்கில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதிக்கு சீபேப் என்றொரு மெஷின் இருக்கிறது. தலைமாட்டில் உட்கார்ந்து குழாய் வழியாகக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்ட மெஷின் கம்பெனிப் பையன் பிரதாப், "ரெண்டே நாள்ல பழகிடும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனைத் திட்ட முடியவில்லை. கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: "ஓசூரின் பனிமூட்டத்தில் சிப்காட் ஆலைச் சங்கு..." எந்தக் கம்பெனி இப்போது சங்கு ஊதுகிறது? அடித்தேன்.

இரண்டாவது: "ஐசக்குக்கு மூச்சு முட்டியது." எனக்கும்தான் முட்டியது. இது இருக்கட்டும்.

2

ஐசக்குக்கு நாற்பத்தாறு வயது. உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் குடோனில் பதினோரு வருஷமாக, பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். (கம்பெனிக்குப் பெயர் வைக்கவில்லை. தேடாதீர்கள்.) நவம்பரில் ஒருநாள், பட்டப்பகலில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் அசந்து ரேக்கில் முட்டினான். பெட்டிகள் சரிந்தன, ஆளுக்கு ஒன்றுமில்லை. டெஸ்ட் எடுத்ததில், தூங்கும்போது மணிக்கு நாற்பத்தொரு தடவை அவனுக்கு மூச்சு நிற்கிறது என்று வந்தது.

வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவனை பேக்கிங்கில் போட்டார்கள், அதுவும் நைட் ஷிப்டில். மூன்று வாரம், தினமும் நாலு மணி நேரமாவது மெஷின் போட்டான் என்று அதற்குள் இருக்கிற கார்டு காட்ட வேண்டும். காட்டினால் டாக்டர் கையெழுத்துப் போடுவார். சாவி திரும்பக் கிடைக்கும்.

சுலபமான கதை. மாட்டித் தொலைத்தால் முடிந்தது.

3

மாட்ட மாட்டேன் என்கிறான். ஏழு வரைவு எழுதிவிட்டேன், ஏழிலும் கழற்றி எறிகிறான். காற்று கண்ணுக்குள் அடிக்கிறது என்றான். அவன் மனைவி மேரிராணி பட்டையை இழுத்துச் சரிசெய்தாள். சத்தம் என்றான், வீட்டு ஃபேன் அதைவிடக் கத்துகிறது. தொண்டை வறள்கிறது என்றான். மெஷினில் தண்ணீர்த் தொட்டி வைத்துக் கொடுத்தேன்.* இப்படி ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு மனுஷன் கதை எழுத முடியுமா?

(கொரோனா சமயத்தில் அவன் அண்ணன் ரெக்ஸ் இதே மாதிரி ஒரு மாஸ்க்கோடுதான் ஆஸ்பத்திரியில் செத்தார். ஐசக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். மாட்டினால் அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது. இதை அடித்துவிடலாம் என்றிருந்தேன். வாசகரை அழவைக்கச் செய்கிற மலிவான வேலை. ஆனால் அவனிடம் இருக்கிற ஒரே உண்மையான காரணம் இதுதான்.)

* தொட்டியைத் தினமும் கழுவ வேண்டும். நான் கழுவுவதில்லை.

4

ஆறாம் நாள் அவனுக்கு யோசனை வந்தது.

"நீ கட்டிக்க மேரி. நாலு மணி நேரம் ஓடுனா கார்டுல ஏறிடும்."

"வியாதி உங்களுக்குங்க. நான் கட்டி என்னாவறது?"

"அட்டெண்டன்ஸ்தான பாக்கறாங்க? யார் மூச்சுன்னா அதுல எழுதியிருக்கும்?"

முகத்தைக் காட்டி வருகைப்பதிவு செய்கிற காலம் வருவதற்கு முன்னால், லேட்டாக வருகிற கூட்டாளிக்கெல்லாம் கார்டை எடுத்து பஞ்ச் போட்டுக் கொடுத்த கை அவனுடையது. அவனுக்கு இது மோசடியாகவே படவில்லை. கூட்டாளிக்குச் செய்கிற உதவி.

மேரிராணி ஏன் ஒத்துக்கொண்டாள்? பேக்கிங்குக்குப் போனதிலிருந்து அவன் வீட்டில் யாரிடமும், மகன் டெல்வினிடம்கூட, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாவி கையில் வந்துவிட்டால் மனசு ஆறும், அப்புறம் தானாகவே மாட்டிக்கொள்வான் என்று நம்பினாள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

ஆக, அவன் நைட் ஷிப்ட் முடித்து வந்து கூடத்தில் பாயில் குறட்டை விடுவான். அவள் உள்ளே கட்டிலில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருப்பாள். குறட்டை திடீரென்று நிற்கும். அவளும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். பெரிய கேவலோடு அவன் மூச்சு திரும்பி வந்த பிறகுதான் அடுத்த கொட்டை.

5

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "நாப்பத்தொண்ணு இருந்தது ரெண்டுக்கு வந்திருச்சு, ஐசக்! ஆனா எல்லாம் பகல்லயே ஓடியிருக்கே?"

"நைட் ஷிப்டு சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்த ஊரில் பாதிப் பேர் பகலில்தான் தூங்குகிறார்கள், அவர் என்ன செய்வார்?

திரும்பும்போது பைக்கில் மேரிராணி பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாகலூர் ரோடு சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அவள் பிடித்திருந்த தோள் தொளதொளவென்று தளர்ந்திருந்தது. காலை ஊன்றியபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். குடோன் வெறிச்சென்று இருக்கிறதே என்று நாலாவது வரைவில் யுவஸ்ரீ என்ற பெண்ணைப் போட்டேன். இருபத்திரண்டு வயது, கான்ட்ராக்ட் வேலை, வேப்பனப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். கீழ் அடுக்குப் பெட்டிகளை ஸ்கேன் செய்ய வண்டிப்பாதைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பாள். சும்மா ஒரு அழகுக்குப் போட்டது. இப்போது நகர்த்த முடியவில்லை. அவளை வேறு ஷிப்டுக்கு மாற்றிப் பார்த்தேன். அதே இடத்தில் வேறொருத்தி வந்து குனிகிறாள்.

6

முடிவு ஒன்று: "அன்று முதல் ஐசக் மாஸ்க்கை..." பிரதாப் எழுதியது போல இருக்கிறது. வேண்டாம்.

முடிவு இரண்டு: "திங்கட்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு, மூன்றாம் பாதையில், யுவஸ்ரீ குனிந்த"

எழுத மாட்டேன். என்னால் ஆகாது.

முடிவு மூன்று. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு. மறுபடி வண்டி ஓட்டப்போகிற முதல் நாள்; இரண்டு மணி ஷிப்டுக்கு ஐசக் சேஃப்டி ஷூவைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். சந்தோஷமாக இருக்கிறான், அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"டெல்வினப்பா, இன்னிக்கு வண்டி எடுக்காதீங்க. டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லிடலாம்."

"காட்டிக் குடுக்கறயா? வேல போனா நீயா சோறு போடுவ?"

"மூணு வாரமா உங்க மூச்ச நான் விட்டேன். இன்னிக்கு வண்டிய யாரு ஓட்டறது? நானா?"

அவன் குனிந்து லேஸைக் கட்டுகிறான்.

மேரிராணி போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடும் இடத்துக்குப் போகிறாள். கிளினிக் நம்பரை அழுத்துகிறாள். ரிங் போகிறது. வேப்பனப்பள்ளியில் யுவஸ்ரீ பஸ் ஏறியாகிவிட்டது.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கிளினிக்கில் டாக்டர் ஒருவரைத்தான் எழுதியிருக்கிறேன், அவர் சாப்பிடப் போய்விட்டார். போனை எடுக்க இந்தக் கதையில் ஆளே இல்லை. நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

எடுத்தால் ஐசக்கின் பதினோரு வருஷம் போகும். அவன் மேரிராணியை மன்னிப்பானா என்று எனக்குத் தெரியாது. எடுக்காமல் விட்டால் அவள் மறுபடி கூப்பிட மாட்டாள். நான் எழுதியவள், எனக்குத் தெரியும்: இந்தத் தைரியம் அவளுக்கு ஒரு தடவைக்குத்தான் வரும்.