கொஞ்ச தூரந்தானே

ஈரக் கல்லில் உலர்ந்த இரண்டு தடங்கள், பக்கத்தில் பக்கத்தில், இடது கால் வலது கால் என்று அளவெடுத்து வைத்ததுபோல, அவற்றின் மேலும் தூறல் விழத் தொடங்கிவிட்டது, அம்மா குனிந்து பார்க்கிறாள், இங்ஙனதாம்ட்டி கழட்டிப் போட்டேன், யாரு காலுலயும் தட்டக் கூடாதுன்னு செவத்தோரமா ஒதுக்கித்தான் போட்டேன் என்கிறாள், எனக்குத் தெரியாதா, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தானே. பிராக் நகரத்தில், குன்றின்மேல் இருந்த ஒரு பெரிய தேவாலயத்தின் பக்கவாசல் அது, உலகமே பூட்ஸ் காலோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது, திருநெல்வேலியிலிருந்து போன என் அம்மா ஆவுடையம்மாள் மட்டும் செருப்பைக் கழற்றிச் சோடி சேர்த்து வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு படி ஏறினாள். எம்மா, இங்க யாரும் கழட்ட மாட்டாங்க, போட்டுட்டு வா என்று அண்ணன் பல்லைக் கடித்தான், எய்யா, எந்தச் சாமியா இருந்தா என்ன, சாமி இருக்க எடத்துக்குச் செருப்போடயா போறது என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது செருப்பு இல்லை, அள்ளிக்கொண்டு போன துப்புரவுக்காரர் தூரத்தில் தள்ளுவண்டியோடு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன், சுவரோரம் ஒரு பழைய சோடி கிடந்தால் அவர் ஊரில் அது குப்பை, கோபமெல்லாம் எனக்கு அண்ணன் மேல்தான், அன்றைக்கும், இந்த நிமிஷமும்.

ஏனென்றால் இந்த நிமிஷம் அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போட்ட பந்தலில் உட்கார்ந்துகொண்டு, வந்த சொந்தக்காரர்களுக்கு அவன் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான், எங்கம்மா ஐரோப்பாவையே செருப்புக்குக் காவல் வச்சிட்டு உள்ள போயிட்டா என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் வாசலில் வெற்றிலைத் தட்டோடு நிற்கிறேன். எத்தனை முறை சொல்லிவிட்டான், கல்யாண வீட்டில், வீடியோ காலில், ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் ஓரத்தில்கூட, அவளும் சேர்ந்து சிரித்தாள், பிள்ளை சொன்னால் அவளுக்கு எதுவும் சிரிப்புத்தான். அது சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு என்பதை அவன் சொல்வதில்லை, வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்வதில்லை, உள்ளே அவள் என்ன கேட்டாள் என்பதையும் சொல்வதில்லை, அவனுக்கு அது தெரியவே தெரியாது, அவன் வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பெயர் தெரியாத ஒரு புனிதரின் சிலைக்கு முன்னால் கைகூப்பி நின்று, எம்பிள்ளைக்கு வேலை நெலைக்கணும் என்று அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது, அந்த வாரம் ஜெர்மனியில் அவன் கம்பெனியில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அதை அவன் அவளிடம் மட்டும்தான் சொல்லி அழுதிருந்தான், அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அன்றைக்கு அந்தப் பக்கவாசலிலேயே என் செருப்பைக் கழற்றி அம்மாவுக்குக் கொடுத்தேன், வீங்கிய காலில் அது பாதி விரல்வரைகூட ஏறவில்லை, ஒரு கடைக்குப் போவோம் அண்ணே என்றேன், மதினியும், ஆமாங்க, முதல்ல ஒரு செருப்பு வாங்கிருவோம் என்றாள், அவனோ கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான், கீழே சதுக்கத்தில் பழைய மணிக்கூண்டு, மணி அடிக்கும்போது பொம்மைகள் ஜன்னல் வழியாக வந்து போகுமாம், அதைப் படம் பிடிக்க வேண்டுமாம், கடையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், கொஞ்ச தூரந்தானம்மா, நட என்றான். நடந்தாள். கருங்கல்லை இட்லி அளவுக்கு உடைத்துப் பதித்த தெருக்கள், இறக்கம், ஈரம், இழுத்துச் செருகிய சேலைக்குக் கீழே அந்தக் கால்கள், எதிரே வருகிறவர்கள் முதலில் காலைப் பார்த்துவிட்டு அப்புறம் முகத்தைப் பார்க்கிறார்கள், அவள் ஆற்றுப் பாலத்தின் இரண்டு பக்கமும் நிற்கிற சிலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருகிறாள், பாலத்துல போயி எத்தன சாமிட்டி என்கிறாள். வலிக்காம்மா என்று கேட்டேன், ஒண்ணும் வலிக்கலட்டி, நடக்கிறதே தெரியல என்றாள், பாத்தியா, வலிக்கலையாம், நீதான் பெருசு பண்ணுத என்றான் அவன். சர்க்கரை அவள் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது என்பது அவனுக்கும் தெரியும்தானே, தெரிந்துகொண்டே அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டான். மணிக்கூண்டுக்கு முன்னால் கூட்டத்தில் அவள் ஒரு காலைத் தூக்கி மறுகாலின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள், பொம்மைகள் வந்தன, போயின, அவன் படம் பிடித்தான், அவ்வளவுதான், அதற்குத்தான். விடுதியில் துண்டால் துடைத்தபோது பெருவிரலுக்கு அடியில் ஒரு கண்ணாடிச் சில்லு, துண்டெல்லாம் சிவப்பு, அப்போதும் அவள், வலிக்கலட்டி, அண்ணன்ட்ட சொல்லாத என்றாள். ஊருக்கு வந்தும் அந்தப் புண் ஆறவில்லை, விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தில் பாதியை எடுத்தார்கள், சாவுக்குக் காரணம் இதயம் என்று டாக்டர் கடைசியில் எழுதினார், எழுதட்டும், நான் பெருவிரலில் இருந்துதான் ஆரம்பிப்பேன். இப்போதெல்லாம் கனவில் அந்தப் பாலத்துக்குக் கீழே தாமிரபரணி ஓடுகிறது, சிலைகள் தங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருகிறாள், இது இல்ல, இதுவும் இல்ல என்கிறாள்.

பந்தலில் மறுபடியும் சிரிப்பு, வாசல் முழுக்கச் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன, அந்தக் குவியலில் படாமல், சுவரோரமாக, ஒதுக்கி, சோடி சேர்த்து, அண்ணனுடைய தோல் செருப்பு, அம்மா கழற்றி வைப்பது போலவே, அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, தட்டைக் கீழே வைத்தேன். மாநகராட்சிக் குப்பைத் தள்ளுவண்டி பந்தலோரமாக வந்து நிற்கிறது, வண்டிக்கார அம்மா நான் நீட்டிய செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், நல்ல செருப்பால்லா இருக்கு தாயி என்கிறாள், குப்பதான், கொண்டு போங்க என்கிறேன், என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது.

சாப்பாடு முடிந்து அண்ணன் குழாயடியில் கைகழுவி, காலிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருகிறான், பந்தல் தெருவை அடைத்திருப்பதால் கார் முக்கில் நிற்கிறது, மதினி ஏறி உட்கார்ந்துவிட்டாள், அக்கினி நட்சத்திர வெயில், தார் ரோடு கொதித்துக் கிடக்கிறது. ஏட்டி, சுவரோரமாத்தான் போட்டேன், எஞ்செருப்பப் பாத்தியா என்கிறான். கொஞ்ச தூரந்தானே அண்ணே, நட என்கிறேன். அவன் என்னைப் பார்க்கிறான், யாருடைய வார்த்தை என்று அவனுக்குப் பிடிபட எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் பார்க்கிறான், நானும் பார்வையை எடுக்கவில்லை, பிறகு தெருவில் இறங்குகிறான், சில அடி போய் நின்று, ஒரு காலைத் தூக்கி மறுகாலின் மேல் வைத்துக்கொள்கிறான், சுடுதுட்டி என்கிறான், திரும்பாமலே. சுடும், உனக்குச் சுடும் என்கிறேன். அவன் முதலில் கால் வைத்த இடத்தில், காய்ந்த தாரில் ஈரமான இரண்டு தடங்கள், பக்கத்தில் பக்கத்தில், நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே காய்ந்துபோகின்றன.