கயிற்றில் காயும் சிவப்பு அங்கி

கானிசேவ் ஊரில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். கூட ஒன்பது கோழிகள், ஒரு சண்டைக்காரச் சேவல். முன்னே முப்பத்தோரு வீட்டில் ஆள் இருந்தது. தனி நாடு கேட்டு மலையேறிய எங்கள் குர்து பிள்ளைகளைத் தேடுகிறோம் என்று துருக்கிப் பட்டாளம் எல்லை தாண்டி வந்து, எதிர் மலையில் முகாம் போட்டு மூன்று வருஷமாகிறது. குண்டு விழ விழ ஆப்பிள் தோட்டம் கருகியது. சனம் வீடு வீடாகக் கிளம்பித் தூஹோக் பட்டணத்துக்குப் போய்விட்டது. சிலர் கதவைப் பூட்டினார்கள், சிலர் பூட்டவில்லை. பூட்டாத கதவுகள் காற்றில் அடித்துக்கொள்ளும். எது யார் வீட்டுக் கதவு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

நீ மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்பவர்களிடம் கோழிகளைச் சொல்வேன், இல்லாவிட்டால் முழங்கால் வலியைச் சொல்வேன். நிஜமான காரணம் என் மொட்டைமாடிக் கயிற்றில் காய்கிற சிவப்பு அங்கி.

என் மகன் ஹோகிர் மலையேறிப் பதினோரு வருஷமாகிறது. என்னைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, இருட்டுகிற நேரம் பார்த்து அக்ரூட் தோப்பு வழியே இறங்கி வருவான். ரொட்டி தின்பான், நான் பின்னி வைத்த காலுறையை வாங்கிக்கொள்வான், போய்விடுவான். அந்தத் தோப்பு முகாமுக்கு நேர் கீழே இருக்கிறது. முகாம் வந்த பிறகு ஒரே ஒரு முறைதான் வந்தான். அன்றைக்குத்தான் பேசி வைத்தோம்.

“யம்மா, உன் சிவப்பு அங்கி அந்த மேட்டுல இருந்து பாத்தாலும் தெரியும். நான் வர வேணாம்னா பகல்ல அதைக் காயப் போடு. கயிறு காலியா இருந்தா வரலாம்னு எடுத்துக்குவேன்.”

“நான் பாட்டுக்கு மறந்து ராத்திரியும் வெளியிலயே விட்டுட்டா?”

“இருட்டுற நேரத்துலயும் கிடந்தா உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு ஓடி வருவேன். அதனால மறந்து தொலைக்காதே.”

அதிலிருந்து விடிந்ததும் போடுகிறேன், பொழுது சாய்ந்ததும் எடுக்கிறேன். மழையிலும் போடுகிறேன், முகாமில் இருப்பவர்கள் கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பெற்ற பிள்ளையை வராதே, வராதே என்று தினமும் என் கையாலேயே விரட்டுகிறேன். நான் பட்டணம் போய்விட்டால் விரட்ட ஆளில்லை. அவன் நேராகத் துப்பாக்கிக்கு முன்னால்தான் இறங்குவான். இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. ஒரு வாய் இன்னொரு வாய்க்குச் சொல்லும், அது மலையேறி முகாம் வரைக்கும் போகும். அவனிடமிருந்து சேதி வந்து இரண்டு வருஷமாகிறது.

போன வியாழக்கிழமை காலையில் ஊர்த்தலைவன் ஹிஷ்யார் பிக்கப் வண்டியோடு வந்தான். கூடவே என் ஓரகத்தி குலிஸாரும் வந்திருந்தாள்.

“இதான் கடைசி வண்டி, பெரியம்மா,” என்றான் ஹிஷ்யார். “இனிமே இந்த ரோட்டுல யாரையும் விட மாட்டாங்களாம். கிளம்பு.”

“கோழிக்கு யாரு தீனி போடுவா?”

“கோழியையும் ஏத்திக்கலாம். சேவல் வேணா இங்க இருந்து பட்டாளத்தைப் பார்த்துக்கட்டும்.”

குலிஸார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். “தனியா யார்கூடக்கா பேசுறே?”

“சேவல்கூட. உன்னை மாதிரி இல்ல, நடுவுல மூச்சு விடும்.”

“வாய் மட்டும் குறையல. போன தடவை சிவப்புச் சாயம் வாங்கியாரச் சொன்னியே, இந்த வயசுல யாருக்கு மினுக்குறே?”

அங்கி வெளுத்துக்கொண்டே வந்தது. ரோஜா நிறமாகிவிட்டால் அவனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமே என்று சாயம் ஏற்றினேன். அதை அவளிடம் சொல்ல முடியுமா? சிரித்து வைத்தேன்.

தேநீருக்குத் தண்ணீர் எடுக்க ஊற்றுக்குப் போய் வருவதற்குள் குலிஸார் பாதி வீட்டை மூட்டை கட்டிவிட்டாள். நான் பாயில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். கடைசியில் ஹிஷ்யார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“ஹோகிர் வருவான்னு உக்காந்திருக்கே. அவன் உயிரோட இருக்கானான்னே யாருக்கும் தெரியாது, பெரியம்மா.”

“டீ ஆறுது, குடி,” என்றேன்.

மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பொட்டலம் சர்க்கரையைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். வளைவு தாண்டும் வரை வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு கதவுகளின் சத்தம்தான்.

பொழுது சாய்ந்ததும் அங்கியை எடுக்க மாடி ஏறினேன். கயிறு காலியாக இருந்தது. கிளிப்புகள் மட்டும் வரிசையாக நின்றன.

கீழே வந்து மூட்டைகளைப் பிரித்தேன். ரஜாய்ப் போர்வைக்கு நடுவில், நீளக் கை இரண்டும் அழகாக மடித்து வைத்தபடி, சிவப்பு அங்கி இருந்தது. குலிஸார் எப்போதும் துணி நன்றாக மடிப்பாள்.

காலையிலிருந்து அந்தக் கயிறு வா, வா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது போட்டாலும் தப்பு, இருட்டில் கிடந்தால் ஓடி வருவேன் என்றிருக்கிறான். போடாவிட்டாலும் தப்பு. தோப்பைப் பார்த்து வாசலில் உட்கார்ந்தேன். முகாமில் விளக்கு எரிந்தது. மேலே தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இரைந்துகொண்டு பட்டாளத்தின் ஆளில்லா விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. வந்துடாதே சாமி, வந்துடாதே என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. கை பாட்டுக்கு எழுந்து போய் மாவு பிசைந்தது. ஆறு ரொட்டி சுட்டேன். இரண்டு வருஷமாகப் பின்னி வைத்திருந்த காலுறைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

தோப்பில் ஒன்றும் அசையவில்லை. துப்பாக்கிச் சத்தமும் இல்லை. விடிந்தது.

அவன் வேறு பக்கம் போயிருப்பான். மேட்டில் மூடுபனி இருந்திருக்கும். ஒரு பகல்தானே, பார்க்காமல் விட்டிருப்பான். ஹிஷ்யார் சொன்னதை நான் நினைக்கவில்லை. நினைக்க வந்தபோதெல்லாம் எழுந்து போய் அடுப்பைக் கிளறினேன்.

மாடி ஏறி அங்கியை உதறிப் போட்டேன். கை இரண்டையும் விரித்துக் கிளிப் மாட்டினேன், தூரத்துக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. கீழே வந்து காய்ந்த ரொட்டியைப் பிய்த்துக் கோழிகளுக்குப் போட்டேன். சேவல் முதல் ஆளாக ஓடி வந்தது.

“பாத்தியா, வரல,” என்று அதனிடம் சொன்னேன். “சொன்னா கேக்குற பிள்ளை.”