பல் தேய்ந்த சாவி

பழைய பிக்கப் வண்டிக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதவைச் சாவி போட்டுப் பூட்டவே மாட்டார்கள். உள்ளே இருக்கும் குமிழை அழுத்திவிட்டு, வெளிக் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி கதவைச் சாத்துவார்கள்; பூட்டிக்கொள்ளும். இருபத்தைந்து வருடம் உழைத்த பூட்டில் சாவியை நுழைத்துக் குடைந்துகொண்டிருக்க யாருக்குப் பொறுமை? சாவி கையில் இருக்கிறவரை இதில் ஒரு குறையும் இல்லை.

கோழியக்காவின் சாவி அன்று கையில் இல்லை. ஸ்டியரிங் அடியில் போட்டது போட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி சூடேறிவிட்டது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கலாம் என்று பிக்கப் வண்டிகள் நிற்கும் நிறுத்தத்தில் இறங்கியவள், வாளியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கைப்பிடியைத் தூக்கி, வழக்கம்போல இடுப்பால் இடித்துச் சாத்தினாள். 'டக்'கென்று கேட்ட பிறகுதான் புத்தி வந்தது. வந்து என்ன பயன்?

உள்ளே சீட்டின்மேல் ஆறு அட்டைப்பெட்டிகள். நேற்றுப் பொரித்த கோழிக்குஞ்சுகள் முந்நூறு. எதிர்க்காற்று படக்கூடாதென்று கண்ணாடிகளை அவளே ஏற்றிவிட்டிருந்தாள். உச்சி வெயில் வேறு. போன தடவை வாங்கிய குஞ்சுகள் அத்தனையும் சீக்கில் போய்விட, அவளும் தங்கையும் இரண்டு மாதம் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, காயவிட்டுக் காத்திருந்து வாங்கிய குஞ்சுகள் இவை. மாற்றுச் சாவி தங்கையிடம் இருந்தது. வீடு ஒரு மணி நேர ஓட்டம்.

எதிர்ப் பட்டறையிலிருந்து வெல்டர் ஓடிவந்து கம்பியை வளைத்து ரப்பர் இடுக்கில் விட்டுப் பார்த்தார். கம்பி குமிழில் பட்டுப் பட்டு வழுக்கியது. மறுபக்கக் கதவின் சாவித் துவாரமோ எந்தக் காலத்திலோ பட்டி பூசி அடைத்தது. உள்ளே கீச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"கண்ணாடிய உடைச்சிரலாம்க்கா," என்றார் வெல்டர்.

அவள் கல்லைத் தூக்கியும்விட்டாள். ஆனால் கை இறங்கவில்லை. "பெட்டி எல்லாம் மேல தொறந்து கெடக்கே. மின்னுறது எதக் கண்டாலும் கொத்துங்க. கண்ணாடித் தூள் வயித்துக்குள்ள போனா ஒண்ணும் தேறாது."

அப்போதுதான் "தள்ளுங்க" என்று ஒரு குரல் கேட்டது. கடுகு.

ஆள் குள்ளம், வாய் காரம். பெயர் பொருத்தம் யார் பார்த்தார்களோ, பிரமாதம். கோழியக்காவின் வண்டியும் அவன் வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே வயது. நாலு மாதத்துக்கு முன் ரிவர்ஸ் எடுக்கும்போது அவள் வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு, "கண்ணாடிய யாரு இவ்ளோ வெளிய நீட்டி வைக்கச் சொன்னது?" என்று கேட்டவன். அன்றிலிருந்து இருவருக்கும் எலியும் பூனையும் கதைதான்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் வண்டிச் சாவியை எடுத்தான். பல்லெல்லாம் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. துவாரத்தில் விட்டான், போனது. திருகினான், திரும்பவில்லை. சாவியை ஒரு நூலளவு வெளியே இழுத்து, முழங்காலால் கதவை அழுத்தி, மறுபடியும். மறுபடியும். நாலாவது தடவை குமிழ் எகிறியது.

பெட்டிகளைப் பட்டறை நிழலுக்குத் தூக்கி வந்தார்கள். குஞ்சுகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக் கிடந்தன. "ஒவ்வொண்ணா மூக்க மட்டும் தண்ணியில நனைங்க, முங்க விட்டுறாதீங்க," என்றாள் கோழியக்கா. ஒரு வார்த்தையும் பொறுக்காத கடுகு, சொன்னபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, தடித்த விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்து நனைத்தான். முதல் பெட்டியில் ஒன்று கீச்சிட்டது. பிறகு பத்து. பிறகு காது கொள்ளாத சத்தம். ஏழு போயிருந்தன. மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டன.

"அண்ணே," என்றாள். நாலு மாதத்தில் அவனைப் பார்த்து நேராகப் பேசிய முதல் வார்த்தை. "நீங்க மட்டும் வரலேன்னா இன்னிக்கு நான் என் தங்கச்சி மூஞ்சியில முழிச்சிருக்க முடியாது. இந்த உதவிய சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. மொதல்ல பூட்டை மாத்துங்க."

"ஏன்?"

"என் சாவி உங்க வண்டியத் தொறக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நாளைக்கு ஒரு சாக்கு காணாமப் போனாலும் என் தலையிலதான் விடியும். உங்களுக்கே சந்தேகம் வரும். வராம இருக்குமா?"

வெல்டரும் தலையாட்டினார். நியாயமான பேச்சு. நேற்று யாராவது இதைச் சொல்லியிருந்தால், அவளே அன்றைக்கே ஓடிப்போய் நாலு பூட்டு மாட்டியிருப்பாள்.

அவள் கையிலிருந்த குஞ்சை ஈரம் போகத் துடைத்துப் பெட்டியில் விட்டாள்.

"மாத்த மாட்டேன்," என்றாள். "நீங்க தொறக்க முடியாத பூட்டு எனக்கு எதுக்குண்ணே?"