போயிட்டு வரேன்

விளையாட்டு வெளியாக இன்னும் பன்னிரண்டே நாள். அதன் வசனம் முழுவதையும் எழுதியவள் காலையில் கணினியைத் திறந்தால், சோதித்துப் பார்க்கும் பதினோரு பேரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே புகாரை எழுதியிருந்தார்கள். "லிஃப்ட் மெக்கானிக்கைக் காணோம்."

விஷயம் இதுதான். விளையாட்டில் ஒரு முழு நகரம் உண்டு. 'சூறாவளி' என்கிற நாயகி அதில் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம். ஓரிடத்தில் மட்டும் அவள் வசமாக மாட்டிக்கொள்வாள். எரிகிற கட்டடத்தில் லிஃப்டுக்குள் சிக்கிய மெக்கானிக்கைக் காப்பாற்றுவதா, பாலத்தில் பாதி தொங்கும் பஸ்ஸையா? பஸ்தான் என்று முடிவெடுத்தால், லிஃப்ட் கதவருகே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறந்துவிடுவாள். மெக்கானிக் கதை அத்தோடு சரி.

இவள் எழுதிக் கொடுத்த வார்த்தை "போறேன்". பதிவில் இருந்ததோ "போயிட்டு வரேன்". குரல் கொடுத்தவர் இவளுடைய நாத்தனார், பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவர். தாளில் என்ன இருந்தால் என்ன, நாற்பது வருஷமாக வாசலில் சொல்லிப் பழகிய நாக்கு அதையே சொல்லிவிட்டது. பதிவு அறையில் ஆறு பேர் இருந்தார்கள், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. வெறும் 'போறேன்' என்றிருந்தால்தான் காதில் குத்தியிருக்கும்.

விளையாடியவர்களுக்கு உறைத்துவிட்டது. வரேன் என்று சொல்லியாயிற்றே! பஸ்ஸைக் காப்பாற்றிய கையோடு திரும்பிப் போய் மாடி மாடியாகத் தேடியிருக்கிறார்கள். ஒரு புண்ணியவான் நாற்பது நிமிஷம் தேடியிருந்தார்.

தலைமைப் பொறுப்பில் இருந்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் கத்தரி. எதைப் பார்த்தாலும் வெட்டத்தான் கை போகும்.

"அஞ்சு மணிக்குள்ள 'போறேன்'னு மறுபடி பதிவு பண்ணிடுங்க. முடியலன்னா காட்சியையே தூக்கிடலாம்."

ஒன்றரை வருஷம் எழுதியதில் அவளுக்கு உயிரான காட்சி அது. அது போய்விடுமோ என்ற பயத்தில் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"வேற என்ன வேணாலும் சொல்றேன். ஒரு மனுஷனை நெருப்புல விட்டுட்டு 'போறேன்'னு என் வாயால வராதும்மா."

"இது வெறும் விளையாட்டு அண்ணி."

"அப்ப விளையாட்டை மாத்து. நான் சொன்னது சரியாத்தான் இருக்கு."

போனை வைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும், அண்ணி சொன்னதில் என்ன தப்பு என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவளுக்குப் பயமே இல்லை. நேரே ஒல்லியிடம் போனாள். நிரல் எழுதுகிறவன், கூப்பிட்டால் நாற்காலியோடு உருண்டு வருவான்.

"மெக்கானிக் சாகல. பத்து நிமிஷம் உள்ளயே உயிரோட இருக்கார். அதுக்குள்ள வந்தா காப்பாத்தலாம்."

"வரைபடத்துல அம்பு போடவாக்கா?"

"அம்பும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்கிறவங்க வரட்டும்."

"அவருக்குப் புது வசனம் வேணுமே?"

வேண்டியதில்லை. சூறாவளி முதல் தடவை கதவைத் தட்டும்போது மெக்கானிக் சொல்வது ஏற்கெனவே இருந்தது. அதையே இங்கேயும் வைத்தார்கள்.

ஐந்து மணிக்குக் கத்தரி வந்து உட்கார்ந்தார். பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார். "போயிட்டு வரேன்" என்றாள் சூறாவளி. அவர் முகம் சுருங்கியது.

"மாத்தவே இல்லயே?"

"முழுசா ஆடிப் பாருங்க சார்."

பஸ்ஸை மேலே தூக்கி வைத்தார். அடுத்த வேலைக்கு அம்பு மின்னியது, ஒரு வங்கிக் கொள்ளை. அம்பு போன பக்கமே அவரும் போனார். பாதி வழியில் சலித்துப்போய் ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்.

"ஒண்ணும் புதுசா இல்ல. தூக்கிடுங்க."

ஒல்லி இவளைப் பார்த்தான். சொல்லிவிடட்டுமா என்று அவன் கண் கேட்டது. இவள் தலையசைத்து மறுத்தாள்.

கத்தரி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தபடி, தினமும் சொல்வதைச் சொன்னார்.

"சரி, போயிட்டு வரேன்."

கால் அப்படியே நின்றது. பையைக் கூட இறக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கட்டடம் எந்தப் பக்கம்?"

"நீங்கதானே சார் சொல்லிட்டு வந்தீங்க" என்றாள் இவள்.

இரண்டு தடவை வழி தப்பினார். மூன்றாவது தெருவில் புகை தெரிந்தது. படிக்கட்டில் பறந்து, லிஃப்ட் கதவைப் பிய்த்து எறிந்தார். உள்ளே இருமல் சத்தம். கரி படிந்த ஒரு முகம் நிமிர்ந்தது.

"வந்துட்டியாம்மா!"

கத்தரி பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

"இது இருக்கட்டும்" என்றார். "இன்னும் எவ்வளவு நேரம் தாங்கியிருப்பார்?"

"நாலு செகண்ட் சார்" என்றான் ஒல்லி.